‘அடியன்’ முதல் ‘நான்’ வரை: அடிமைத் தன்வரலாற்று நடையும் பீர்மேட்டு மலைத்தோட்டங்களும்

1. முன்னுரை

அடிமை முறையின் கொடுமையைக் கூறும் தன்வரலாறுகள் பெரும்பாலும் அவை தரும் செய்திகளுக்காகவே படிக்கப்பட்டு வந்துள்ளன. சாட்டையடி, பட்டினி, குடும்பப் பிரிவு, பெண்கள் மீதான வன்முறை ஆகியவற்றுக்குரிய சான்றுகளாக வரலாற்றாசிரியர் அவற்றைக் கொள்வர். அச்செய்திகள் எத்தகைய நடையில் கூறப்பட்டுள்ளன என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பாகிவிட்டது. ஆயின், மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அவ்வினாவே முதன்மையானது. கொடுமையை உணர்த்துவன அடைமொழிகளா, அன்றித் தன்மைப் பெயர், வினைமுற்று விகுதி, விளிச்சொல், எண்ணுப்பெயர் போன்ற எளிய இலக்கணக் கூறுகளா என்பது ஆராயத்தக்கது.

அடிமை முறை உடலை மட்டும் கட்டி வைத்ததன்று. பேச்சையும் கட்டி வைத்தது. ‘நான்’ என்று சொல்லும் உரிமையை மறுத்தும், மனிதப் பெயரைக் கணக்குச் சொல்லாக மாற்றியும் அது இயங்கியது. ஆகவே, அதிலிருந்து மீண்டவர் தம் கதையைக் கூறும்போது, ஆண்டையின் மொழியையே எடுத்து, மிகைப்படுத்தாமல், அதன் பொருள் வெளிப்படுமாறு ஆள்வதே அந்நடையின் வலிமையாக அமைகிறது. இக்கருத்தைக் கேரளத்தின் பீர்மேட்டு மலைப்பகுதியையும் அதனோடு தொடர்புடைய தமிழ்த் தொழிலாளர் வரலாற்றையும் மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

2. தன்மைப் பெயர் மறுக்கப்பட்ட மொழி

திருவிதாங்கூர் நாட்டில் அடிமைச் சாதியாரின் பேச்சு எவ்வாறு ஒடுக்கப்பட்டிருந்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மறைப்பணியாளர் பலர் குறித்துள்ளனர். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மெற்றீர் 1871இல் வெளியிட்ட நூலில் தரும் செய்திகள் மொழியியல் நோக்கில் மிக இன்றியமையாதவை. உயர்சாதியார் முன் நிற்கும் அடிமை தன்னை ‘ஞான்’ என்று சொல்லலாகாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தான் உண்பதைச் ‘சோறு’ என்னாமல், அழுக்குக் கஞ்சி எனப் பொருள்படும் ‘கரிக்காடி’ என்னும் சொல்லால் குறிக்க வேண்டும். தன் பிள்ளைகளைக் குரங்கு என்றும் கன்று என்றும் கூற வேண்டும். பேசும்போது மூச்சுக் காற்று பட்டுத் தீட்டாகாதவாறு வாயைக் கையால் பொத்திக்கொள்ளவும் வேண்டும்.

இவ்வழக்கங்களை வெறும் பணிவுச் சொற்கள் என்று கொள்ளுதல் பொருந்தாது. தமிழ்ப் பக்தி மரபில் ‘அடியேன்’ என்னும் சொல் பெருவழக்கினது. அங்கு அது பேசுவோன் தானே விரும்பி ஏற்ற நிலையைக் காட்டும். இறைவன் முன் அரசனும் ‘அடியேன்’ ஆவான். திருவிதாங்கூர் வயலில் ‘அடியன்’ என்பது விரும்பிச் சொன்ன சொல்லன்று. மாற்றிச் சொன்னால் தண்டனை வரும் சொல். பகுதி ஒன்றே, ஆயின் பயன்பாடு எதிரெதிரானது.

இங்குத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ள அமைப்பு வேறுபாடு ஒன்றும் நோக்கத்தக்கது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இட விகுதிகளை இழந்துவிட்டது. ‘வந்நு’ என்னும் வினை, வந்தவர் யார் என்பதைக் காட்டாது. எழுவாயே அதைக் காட்ட வேண்டும். எனவே ‘ஞான்’ என்பது விலக்கப்பட்டு அவ்விடத்தில் ‘அடியன்’ என்னும் பெயர் வரும்போது, தொடர் முழுவதிலும் தன்மை இடத்துக்கான அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை. பேசுவோன் தன்னைப் பற்றியே பேசினாலும், இலக்கண வடிவில் அவன் வேறு யாரோ ஒருவனைப் பற்றிப் பேசுகிறான். தமிழிலோ எழுவாய் தோன்றாத நிலையிலும் ‘வந்தேன்’ என்னும் முற்றின் ‘-ஏன்’ விகுதி பேசுவோனைச் சுமந்து நிற்கும். தன்மை இடத்தை ஒரு மொழி எங்கே வைத்துள்ளது என்பதைப் பொறுத்தே, அதனைப் பறிக்கும் வழியும் மீட்கும் வழியும் அமைகின்றன.

இப்பின்னணியில், பொய்கையில் அப்பச்சன் என வழங்கும் பொய்கையில் யோகன்னான் (1879–1939) பாடிய பாடல்கள் தனி இடம் பெறுகின்றன. தம் இனத்தாரைப் பற்றிய எழுத்து எந்த வரலாற்றிலும் காணப்படவில்லை என்பதும், அடிமைப் பெற்றோர் வெவ்வேறு திசைகளில் விற்கப்பட்டுப் பிள்ளைகள் அநாதைகளானதும் அவற்றின் மையப் பொருள்கள். ‘அடியன்’ என்று மட்டுமே பேச விடப்பட்ட சமூகம், தன் வரலாற்றைத் தானே கூறத் தொடங்கியதற்கு அவை சான்று.

3. அடிமை ஒழிப்பும் மலைத்தோட்டத் தோற்றமும்

பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என விதித்தது. திருவிதாங்கூரில் 1853, 1855 ஆகிய ஆண்டுகளின் அரச அறிக்கைகளால் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1860களில், பீர்மேட்டு மலைகளில் காப்பித் தோட்டங்கள் உருவாயின. பீர் முகமது என்னும் சூபி ஞானியின் பெயரால் வழங்குவதாகக் கருதப்படும் இம்மலைப்பகுதியில் தொடக்கக் காலத் தோட்டக்காரர்களாக விளங்கியவர்களுள் மறைப்பணியாளர் இளைய ஹென்றி பேக்கரும் ஜே. டி. மன்றோவும் குறிப்பிடத்தக்கவர்கள். இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

அடிமை ஒழிப்பும் தோட்டத் தோற்றமும் காலத்தால் இவ்வளவு நெருங்கி நிற்பது தற்செயலன்று. தோட்டத்துக்கு மலிவான, நிலையான உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் பெரும்பகுதி மேற்கு மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலிருந்து வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு வழியாகவும் பிற மலைப்பாதைகள் வழியாகவும் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் பீர்மேட்டுக்கு ஏறினர். அவர்களுள் மிகப் பலர் பள்ளர், பறையர், அருந்ததியர் சமூகத்தார். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். வழிச்செலவு, கம்பளி, அரிசி அனைத்தும் தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடியும்போது கணக்குத் தீர்க்கப்பட்டது. பலருக்கு அது தீராத கணக்காகவே நின்றது. ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுச் செல்வது 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். திருவிதாங்கூரும் இதே போக்கில் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது.

சட்டத்தின் பார்வையில் இத்தொழிலாளி அடிமையல்லன். அவனை விற்கவோ வாங்கவோ இயலாது. எனினும் கடனும் தண்டனைச் சட்டமும் மலையின் தனிமையும் சேர்ந்து அவனைக் கட்டிவைத்தன. ஒப்பந்தக் கூலி முறை பற்றிய தம் நூலுக்கு ஹ்யூ டிங்கர் 1974இல் ‘புதியதோர் அடிமை முறை’ எனப் பொருள்படும் தலைப்பிட்டார். அவ்வொப்பீட்டின் பொருத்தம் குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மொழியின் சான்றை நோக்கினால், பெயர் மாறியும் பேச்சின் அமைப்பு பெரிதும் மாறவில்லை என்பது புலனாகும்.

4. தோட்டத்தின் சொற்கள்

தோட்டத்தின் சொற்றொகுதி மூன்று வழிகளில் மனிதனைக் கணக்காக்கிற்று. முதலாவது, கருவிக்கும் ஊதியத்துக்கும் உரிய சொல் ஆளைக் குறிப்பது. தமிழில் ‘கூலி’ என்பது வேலைக்குத் தரும் ஊதியம். உலக ஆங்கிலத்தில் அது வேலை செய்யும் மனிதனுக்குப் பெயராயிற்று. இச்சொல்லின் பிறப்புக் குறித்து வேறு கருத்துகளும் உண்டெனினும், தமிழறிந்தவரின் செவியில் இப்பொருள் மாற்றம் தெளிவாகவே ஒலிக்கும். ஊதியமே மனிதனாக எண்ணப்பட்டது.

இரண்டாவது, மனிதனுக்குரிய சொல் கணக்குக்குரியதாவது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைப் பதிவைக் குறித்தது. குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ விழும். அதாவது பாதி நாள் கூலியே கிடைக்கும். கங்காணி முறையும் தொழிலாளர் புறப்பட்ட மாவட்டங்களும் இலங்கைக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் பெரிதும் பொதுவானவை. ஆதலின் இச்சொல்லாட்சி ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பெயர் என்பது ஒருவரை மற்றொருவரிடமிருந்து வேறுபடுத்துவது. அது ஒரு நாள் கூலியின் அலகாகி, பாதியாக வெட்டவும்படும்போது, அச்சொல்லிலேயே ஒரு வரலாறு அடங்கியுள்ளது.

மூன்றாவது, விலங்குக்குரிய சொல் மனிதனுக்கு வழங்குவது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுச் சென்ற தொழிலாளியைக் குறிக்கத் துரைமாரின் ஆங்கிலம் ஆண்ட சொல், கட்டறுத்து ஓடும் குதிரைக்கு வழங்குவது. விடுதலை நாடிச் சென்றவனின் செயல், பதிவேட்டில் மிரண்ட விலங்கின் ஓட்டமாகிறது.

இச்சொற்களை ஆண்டவர் எவரும் கொடியவராகத் தம்மைக் கருதியிருக்க வேண்டியதில்லை. அவை அன்றாட அலுவல் சொற்கள். அதனாலேயே தன்வரலாற்று நடைக்கு அவை இன்றியமையாத கருப்பொருளாகின்றன.

5. அடிமைத் தன்வரலாறுகளின் நடை

அட்லாண்டிக் அடிமை முறையிலிருந்து மீண்டோர் எழுதிய நூல்கள் இவ்வகை எழுத்துக்கு முன்னோடிகள். ஒலாடா எக்குவியானோ 1789இலும், பிரெடரிக் டக்ளஸ் 1845இலும், ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861இலும் தம் வரலாறுகளை வெளியிட்டனர். மூவரின் நூல்களும் தாமே எழுதியவை என்பதைத் தலைப்பிலேயே கூறின. நூலின் உள்ளே நுழையும் முன்பே ‘நான் எழுதினேன்’ என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை, அடிமையின் தன்மை இடம் எவ்வளவு ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும்.

டக்ளஸ் தம் வரலாற்றின் தொடக்கத்திலேயே, பிறந்த ஊரைக் கூறிய கையோடு, தம் அகவை தமக்குத் தெரியாது என்கிறார். தன்வரலாற்றின் மரபான முதற்செய்தி பிறந்த நாள். அவ்விடத்தில் ஓர் இன்மையை வைப்பதன் மூலம், புலம்பல் ஏதுமின்றி, அடிமை நிலை எதைப் பறித்தது என்பதை அவர் உணர்த்திவிடுகிறார். டெம்பி என்னும் அடிமை சுட்டுக் கொல்லப்பட்டதைக் கூறும் பகுதியும் இத்தகையதே. சாட்டைக்குத் தப்பி நீரில் இறங்கி நின்றவனை மேற்பார்வையாளன் மூன்று முறை அழைக்கிறான், பின்பு சுடுகிறான். கொலை சில தொடர்களில் முடிந்துவிடுகிறது. அதனைத் தொடர்வது கொலையாளி தன் செயலுக்குக் கூறிய விளக்கமும், அவ்விளக்கம் ஏற்கப்பட்டது என்னும் செய்தியும். படிப்பவரை உலுக்குவது துப்பாக்கி ஓசையைக் காட்டிலும் அந்த ஏற்பின் அமைதியே. அம்மேற்பார்வையாளனின் பெயருக்கு முன் வரும் மரியாதை அடையை டக்ளஸ் நீக்கவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆண்டையின் உலகில் வழங்கிய மரியாதை வடிவம் அப்படியே நிற்க, அதன் கீழ் நிகழும் செயல் அதனைப் பொய்யாக்குகிறது.

ஜேக்கப்ஸ் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்த பரணின் அளவைத் தருகிறார். நீளம் 9 அடி. அகலம் 7 அடி. மிகுந்த உயரம் 3 அடி. நிமிர்ந்து நிற்க இயலாது என்பதைப் படிப்பவரே கணக்கிட்டு அறிகிறார். எண், ஆண்டையின் பதிவேட்டுக்கு உரிய கருவி. அதே கருவி இங்குச் சான்றாகிறது. புனைபெயரில் வெளிவந்த இந்நூலைப் புனைகதை எனப் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் செய்த ஆய்வே அது மெய்யான தன்வரலாறு என்பதை நிலைநாட்டியது.

1831இல் வெளியான மேரி பிரின்ஸின் வரலாறு மற்றொரு சிக்கலை முன்வைக்கிறது. அது அவர் வாய்மொழியாகக் கூற, வேறொருவர் எழுதி, பதிப்பாசிரியர் செப்பம் செய்தது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், திருத்தியவர் ஒருவர் என்னும் நிலையில், ‘நான்’ யாருடையது? தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பற்றிய எழுத்துக்கும் இவ்வினா நேரே பொருந்துவது.

6. தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் ‘நான்’

கங்காணிக் காலத்துத் தொழிலாளி தன் கையால் எழுதிய தன்வரலாறு தமிழில் அரிது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட சமூகத்தில் அது வியப்பன்று. அவ்வாழ்வு வேறு கைகள் வழியாகவே ஏட்டில் ஏறியது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதியின் கதையைப் படர்க்கையில் கூறிற்று. பீர்மேட்டுக்கு வடக்கே, மூணாற்று மலைகளையும் கடந்து, பாலக்காட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆனைமலையில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், முதிய தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலை 1969இல் வெளியிட்டார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள் சேர்ப்பவனின் சொல்லை நம்பி வால்பாறைக்கு வரும் கருப்பன், வள்ளி இணையரின் வாழ்வு அதன் பொருள். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் அது ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வெளிவந்தது. பாலா இயக்கிய ‘பரதேசி’ திரைப்படம் 2013இல் இக்கதையைத் தழுவி வந்தது.

இந்நூலின் மொழிப் பயணம் சிந்திக்கத்தக்கது. தொழிலாளர் தமிழில் வாழ்ந்தனர், தமிழில் நினைவுகூர்ந்தனர். அந்நினைவு ஆங்கிலப் படர்க்கைக் கதையாகி, 38 ஆண்டுகளுக்குப் பின் தமிழுக்குத் திரும்பிற்று. சொன்னவர்களின் ‘நான்’ இப்பயணத்தில் ‘அவன்’, ‘அவள்’ ஆயிற்று. மேரி பிரின்ஸின் நூலில் இலக்கண அளவிலேனும் எஞ்சிய தன்மை இடம் இங்கு நாவல் வடிவுக்காக விடப்பட்டது. எனினும் தமிழ்த் தலைப்பில் ஒரு மீட்பு நிகழ்ந்துள்ளது. ஆங்கிலத் தலைப்பு கோப்பையில் உள்ள தேநீரை, அதாவது பருகுவோர் காணும் பொருளைச் சுட்டுவது. தமிழ்த் தலைப்பு உழைப்போர் வாழ்ந்த இடத்தைச் சுட்டுவது. நூலைக் காணும் கண் கோப்பைப் பக்கமிருந்து காட்டுப் பக்கம் நகர்ந்திருக்கிறது.

தன்மை இடத்திலேயே அமைந்த தமிழ் எழுத்துக்கு 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ திருப்புமுனை. அது தோட்டத்தைப் பற்றியதன்று; கூறப்படுவது சட்டம் ஏற்ற அடிமை நிலையுமன்று. ஆயினும் ‘அடியன்’ மரபின் தொடர்ச்சியைக் காட்டும் காட்சி ஒன்று அதில் உண்டு. தெருவில் மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைத் தொடாமல், அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்க்கும் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. பின்னரே, அவர் ஏன் அவ்வாறு தூக்கிச் சென்றார் என்பதை அண்ணன் விளக்குகிறார். முதலில் சிரிப்பு, பின்பு அறிவு என்னும் இவ்வரிசையே அப்பகுதியின் நடைச்சிறப்பு. விளக்கம் முன்னே வந்திருப்பின் படிப்பவர் இரக்கத்தோடு பார்த்திருப்பார். பின்னே வருவதால், தாமும் சிரித்ததை எண்ணிக் கூசுகிறார். உரையாடலில் மட்டுமன்றி எடுத்துரைப்பு முழுவதிலும் பேச்சுத் தமிழ் ஆளப்பட்டிருப்பது, ‘நான்’ என்பதை எந்தத் தமிழில் சொல்வது என்னும் வினாவுக்கு ஒரு விடை. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வெளியாயிற்று.

7. மொழிபெயர்ப்பில் எழும் இலக்கணச் சிக்கல்கள்

அடிமைத் தன்வரலாறுகளைத் தமிழாக்குவோரும், தமிழிலிருந்து பிறமொழிக்குக் கொண்டு செல்வோரும் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் நான்கு தலையாயவை.

முதலாவது, மரியாதை விகுதி. ஆங்கில வினை அடித்தவரின் மதிப்பைக் காட்டாது. தமிழ் முற்றில் ‘அடித்தான்’, ‘அடித்தார்’ என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ‘-ஆன்’ விகுதி, மூலத்தில் அடக்கி வைக்கப்பட்ட சினத்தை வெளிப்படையாக்கிவிடும். ‘-ஆர்’ விகுதி, ஆண்டையின் மதிப்பை மொழிபெயர்ப்பாளரே ஏற்றதாகத் தோற்றலாம். டக்ளஸ் மரியாதை அடையை விடாது ஆண்டிருப்பதால், அவர் நூலைத் தமிழாக்கும்போது ‘-ஆர்’ விகுதியே அங்கதத்தைக் காக்கும். ஒரே நூலில் நிகழ்ச்சிக் காலத்துப் பேச்சில் ‘-ஆர்’ விகுதியும், விடுதலைக்குப் பின் எண்ணிப் பார்க்கும் பகுதிகளில் ‘-ஆன்’ விகுதியும் அமைத்தல் மற்றொரு வழி. எம்முடிவும் எட்டப்படாத இடங்களில் எச்சங்களும் தொழிற்பெயர்களும் ‘இல்லை’ என முடியும் எதிர்மறை வினைகளும் உதவும். அவற்றில் பால் விகுதி இல்லை.

இரண்டாவது, செயப்பாட்டு வினை. ‘அடிக்கப்பட்டேன்’ என்பது அறிக்கை மொழி. ‘அடிபட்டேன்’, ‘அடி வாங்கினேன்’ என்பன வாழ்ந்தவர் மொழி. ‘படு’ என்னும் வினை தமிழில் வெறும் இலக்கணத் துணையன்று. துன்பத்தை அனுபவித்தல் என்னும் பொருள் அதில் இன்றும் உயிரோடுள்ளது. ‘பாடு’ என்பது துன்பம். ‘பாடுபடுதல்’ என்பது உழைத்தல். உழைப்பையும் துன்பத்தையும் ஒரே சொல்லில் வைத்துள்ள மொழியில், ஆங்கிலச் செயப்பாட்டு வினையை இயந்திரமாக ‘-ப்பட்ட’ என மாற்றிக்கொண்டே செல்வது அச்செல்வத்தை வீணாக்கும். மேலும், வாய்மொழிச் சான்றுகளில் ‘அடித்தார்கள்’ எனப் பெயர் சுட்டாத பன்மை வருவதுண்டு. அச்சத்தால் பெயர் விடப்பட்டதா, அடித்தவர் பலர் என்பதாலா, யார் அடித்தாலும் ஒன்றே என்னும் நிலையாலா என்பதை மொழிபெயர்ப்பாளர் தீர்த்து வைக்கலாகாது. அத்தெளிவின்மையும் சான்றின் பகுதியே.

மூன்றாவது, காலம். இறந்த காலத்து வழக்கத்தைத் தமிழ் எதிர்கால முற்றாலும் கூறும். ‘விடியுமுன் கொம்பு ஊதுவார்கள், எழுந்து ஓடுவோம்’ என்னும் எடுத்துக்காட்டுத் தொடர், முடிந்துபோன நாள்களையும் இனி வரும் நாள்களையும் ஒரே வடிவில் கூறவல்லது. முடிவு தெரியாத வாழ்வைக் கூற இதனினும் பொருத்தமான வடிவம் அரிது. இவ்வழக்க வினைகளுக்கு நடுவே ‘ஒரு நாள்’ என இறந்த கால முற்று வரும்போது, அந்நாளின் கொடுமை தனித்து எழும். எல்லாவற்றையும் இறந்த கால முற்றாக்கினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

நான்காவது, களச்சொற்கள். ‘பேர்’, ‘அரைப்பேர்’, ‘பற்று’, ‘லயம்’, ‘துரை’ ஆகியவற்றை விளக்கமான பொதுச்சொற்களால் மாற்றுவது படிப்பவருக்கு எளிமை தரும். ஆயின் ஆண்டையின் மொழி சான்றிலிருந்து நீங்கிவிடும். இச்சொற்களை அப்படியே நிறுத்தி, சூழலால் பொருள் விளங்கச் செய்வதே தக்கது. அவற்றோடு ‘கொடிய’, ‘இரக்கமற்ற’ முதலிய அடைகளைச் சேர்ப்பது மூலத்தின் அடக்கத்தை அழிக்கும். படிப்பவர் தாமே தீர்ப்பளிக்கும் வாய்ப்பையும் பறிக்கும்.

8. பீர்மேட்டின் இன்றைய தேவை

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ச்சியால் பீர்மேட்டில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, கூலியோடு இவ்வசதிகளும் நின்றன. தொழிலாளர் பலர் பிற ஊர்களுக்கு வேலை தேடிச் சென்றனர். தோட்டத் தொழிலாளர் சமூகத்திலிருந்தே வந்த ஆய்வாளர் ஜெயசீலன் ராஜ், இந்நெருக்கடியைப் பற்றிய இனவரைவியல் நூலை 2022இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நெடுங்காலம் பிறரால் கூறப்பட்ட வாழ்வை அதனுள்ளிருந்து வந்தவரே கூறுவது வரலாற்றில் ஒரு படிநிலை மாற்றம். 2015இல் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் நடத்திய போராட்டம் ‘பொம்பிளை ஒருமை’ என்னும் பெயர் பெற்றதும் இங்குக் கருதத்தக்கது. எழுத்து வழக்கு ஏற்காத ஒரு பேச்சுச்சொல், பொதுவெளியில் அப்பெண்களின் பெயராக நின்றது.

ஆயினும் பீர்மேட்டுத் தொழிலாளியின் தன்வரலாறு தமிழில் நிரம்ப வரவில்லை. கங்காணிக் காலத்தை நேரில் அறிந்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்களிடமிருந்து கேட்டறிந்த பிள்ளைகளும் முதுமை எய்தியுள்ளனர். தோட்டங்கள் மூடப்படும்போது வேலையோடு சேர்ந்து அவ்வேலைக்குரிய சொற்களும் வழக்கிழக்கின்றன. எனவே வாய்மொழிப் பதிவு இன்றே செய்யப்பட வேண்டியது. பதிவு செய்வோர் கதைச் சுருக்கத்தை மட்டும் எழுதிக்கொள்ளாமல், சொன்னவரின் வினைமுற்றுகளையும் விளிச்சொற்களையும் இடையிடையே நேரும் மௌனங்களையும் உள்ளவாறே குறித்தல் வேண்டும். ‘அடித்தார்கள்’ என்றதை ‘மேலாளரால் தாக்கப்பட்டனர்’ எனத் திருத்தும் பதிவாளர், தாம் அறியாமலேயே பதிவேட்டின் பக்கம் சேர்ந்துவிடுகிறார்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. அடிமை முறையும் அதன் வழிவந்த கட்டுழைப்பும் தன்மைப் பெயரையும் மனிதப் பெயரையும் மாற்றியமைத்தே இயங்கின. திருவிதாங்கூரின் ‘அடியன்’ வழக்கும் தோட்டத்தின் ‘பேர்’ வழக்கும் இதற்குச் சான்று. இவற்றின் கொடுமையை உணர்த்தும் எழுத்துகள் அடைமொழிகளைக் குறைத்து, எண், வரிசை, விகுதி, ஆண்டையின் அலுவல் சொல் ஆகியவற்றைக் கொண்டே அதனைச் செய்கின்றன. அவ்வடக்கத்தைக் காப்பது மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை.

தமிழ் தன் வினைமுற்றின் இறுதியில் ‘-ஏன்’ என்னும் ஓரசை விகுதியில் பேசுவோனை வைத்திருக்கிறது. மலையேறிய தொழிலாளியிடம் நிலமும் ஏடும் இல்லாதபோதும் அவ்விகுதி அவனோடு சென்றது. பதிவு செய்வோரும் மொழிபெயர்ப்போரும் அதனை எங்கும் தவறவிடாதிருத்தல் வேண்டும்.